இரண்டாவது காரின் இடது பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் அதே பேச்சு. இன்சூரன்ஸ் ஏஜென்ட் போன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"ரெண்டு காருமா ஒண்ணா ஓடுது? வீட்டுக்காரியோடது லேப் வேலைக்குப் போய்ட்டு வந்து சும்மா நிக்குது. அதுக்கு எதுக்குங்க முழு பிரீமியம்?"

"ரெண்டாவது பிள்ளைக்கு ஸ்கூல்ல பாதி ஃபீஸா சார் வாங்கறாங்க?"

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. கெடு சனிக்கிழமை. கட்டித் தொலைத்தால்தான் என்ன?

மார்ச் 7, சனி

கட்டவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கெடு தாண்டியதால் இனி ஆள் வந்து காரை நான்கு பக்கமும் படம் எடுத்த பிறகுதான் புதுப்பிப்பார்களாம்.

நான்கு பக்கமும்!

இடது பக்கம் சுவரை ஒட்டி நிற்கிறது. போன வாரம் வீட்டில் யாரும் இல்லாதபோது சாவியை எடுத்தேன். ஓட்டக்கூட இல்லை, பின்னால் ஓரடி — அவ்வளவுதான். தூணில் இடித்துப் பின்கதவு குழிந்துவிட்டது. அம்மா இருட்டில் ஏறிப் போகிறவள். சுற்றிப் பார்க்க அவளுக்கு நேரம் ஏது?

மார்ச் 10, செவ்வாய்

இன்சூரன்ஸ் இல்லாமல் காரை எடுக்க முடியாது. அம்மா கிளம்பும் விடியற்காலை ஐந்து மணிக்குப் பஸ்ஸும் இல்லை. அப்பாவே கொண்டுபோய் விடுகிறார், முணுமுணுத்துக்கொண்டே.

"வித்துடலாம். ஒரு வீட்டுக்கு ஒரு கார் போதும்."

"அப்ப நான் வேலையை விடணும். அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

பேரம் பேசிப் பேசிக் கெடுவை விட்டது இவர், எரிந்து விழுவது அம்மா மேல்! இதில் குழியும் தெரிந்தால் கார் போச்சு. அம்மா வேலையும் போச்சு. அடி பாவி, உன்னாலதான். சொல்லிடவா? எப்படிச் சொல்றது?

மார்ச் 12, வியாழன்

ஆள் வந்தார். காரை வெளியே எடுக்கச் சொன்னார்.

"பின்டோர்ல அடி இருக்கே சார். இதை எழுதிடுவேன். அப்புறம் இதுக்கு க்ளெய்ம் கேக்க முடியாது."

அப்பா அம்மாவைத்தான் பார்த்தார். "ஓட்டற லட்சணத்தைப் பாரு. இதுக்கு முழு பிரீமியம் வேற."

அம்மா சண்டை போட்டிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ. அவள் குழியைத் தடவிப் பார்த்து, "எங்க இடிச்சேன்னே தெரியலையே" என்றாள். நம்பிட்டா! தான்தான்னு நம்பிட்டா!

"நான்தான்மா."

படம் எடுக்க வந்தவர் எழுதிக்கொண்டே, "யாருன்னெல்லாம் நான் எழுதறதில்லைம்மா, எங்கன்னு மட்டும்தான்" என்றார்.

மார்ச் 13, வெள்ளி

அம்மா அடிக்கவில்லை. "பின்னால யாராவது நின்னிருந்தா?" என்று ஒரே கேள்வி. அடித்திருக்கலாம். அப்பா என்னோடு பேசவில்லை. அம்மாவோடும்தான். ஆனால் அது வேறு மாதிரி, முகத்தைப் பார்க்க முடியாத மாதிரி.

மார்ச் 16, திங்கள்

அப்பா பிரீமியம் கட்டிவிட்டார். விடியுமுன் அம்மாவின் கார் கிளம்பும் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"பார்த்துப் போ" என்றார்.

"அதை உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா தெருவில் திரும்பினாள்.