நித்திலன் தெருவுக்குப் போனான்

சிதம்பரம்,
ஞாயிறு.

அன்புள்ள அப்பாவுக்கு வினோதினி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா?

ஒரு சேதி, பயப்படாதீர்கள். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். வியாழக்கிழமை கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் தங்கை மலருக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பாயில் தம்பி நித்திலன் இல்லை. இரண்டரை வயதாகியும் உட்கார வைத்த இடத்திலேயே இருக்கும் பிள்ளை எங்கே போவான்? எனக்கு உயிரே போய்விட்டது. வாசலுக்கு ஓடினேன். பலமில்லாத கால்களை இழுத்துக்கொண்டு, கைகளை ஊன்றியே இரண்டு படி இறங்கி, தெருவில் ஓர் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்!

"ஏன்டா போன?" என்றேன்.

"நானே போனேன்க்கா" என்றான் பெருமையாக.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் அக்காவிடம் சொன்னேன். "கையில பலம் வந்துடுச்சும்மா. அடுத்த வாரம் வாக்கர் புடிச்சி நிக்க வெச்சிப் பாக்கலாம்" என்றார். அம்மா தவறிப் போன பிறகு அன்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

வாசலுக்கு ஒரு தடுப்புக் கதவு வேண்டும் அப்பா. இங்கேயும் ஆசாரிகள் இருக்கிறார்கள்தான். ஆனாலும் கடலூரில் படகு கட்டும் வேலை இல்லாத நாளாகப் பார்த்து நீங்களே வந்து அடித்துக் கொடுங்கள். இரண்டு நாள் தங்குகிற மாதிரி வாருங்கள்.

முடிக்கிறேன் அப்பா, மறுபடியும் படியில் இறங்குகிறான்.

உங்கள் மகள்,
வினோதினி