ஏலக்காய் மணக்கும் சொத்தைப் பல்

நவம்பர் 9, 1981

சயின்ஸ் சார் சின்னச்சாமிக்குப் புதுப் பைத்தியம். காலையில் பத்தாம் வகுப்பை வரிசையில் நிறுத்தி, பல் விளக்கினோமா என்று வாயை மோந்து பார்க்கிறார். என்ன சோலி இது!

என் பக்கத்து பெஞ்சுத் தவசியின் ஆத்தா சரக்குக் கிட்டங்கியில் ஏலக்காய் தரம் பிரிக்கிறவர். கழித்துப்போட்ட சொத்தைக் காய் தவசியின் டவுசர் பையில் எப்போதும் கிடக்கும். அதை உருவி ஆளுக்கு ரெண்டு கொடுத்தேன். மென்றுவிட்டு 'ஆ' காட்டினோம்.

"வாயாடா இது, பாயசமா?" என்றார் சார். வகுப்பே பாஸ்.

ஊரே ஏலக்காய் மணக்கிற போடிக்காரனுக்கு பிரஷ் எதற்கு?

நவம்பர் 27

கமர்கட்டைக் கடித்தேன். அது என்னைத் திருப்பிக் கடித்தது.

டிசம்பர் 13

கடைவாய்ப் பல்லில் ஓட்டை. நாக்கு நாள் முழுக்க அங்கேயே போய் எட்டிப் பார்க்கிறது. வெட்கங்கெட்ட நாக்கு.

யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த ஞாயிறு பக்கத்து ஊர் சிலமலையில் சடுகுடுப் போட்டி. மற்றவர்கள் 'சடுகுடு சடுகுடு' என்று வறட்டு மூச்சில் ஓடுவார்கள். நான் பாட்டுக் கட்டிப் பாடிக்கொண்டு போவேன். எதிராளி சிரித்தால் தொட்டுவிட்டு வந்துவிடுவேன். பல்வலி என்று தெரிந்தால் கேப்டன் திருப்பதி அண்ணன் வெளியே உட்காரவைத்து விடுவார்.

வலிக்கு? அதே ஏலக்காய்தான்.

டிசம்பர் 20

தோற்றோம். என்னால்தான்.

பாட வாயைத் திறந்தேன். மார்கழி மலைக்காற்று ஜில்லென்று ஓட்டைக்குள் குடி புகுந்தது. "ஆத்தாடி!" பாட்டு அறுந்தது. சிலமலை உக்கிரபாண்டி என் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்கிறான்: "என்ன மாப்ளே, நடுவுல ஆத்தாவக் கூப்பிடுற? கூட விளையாட வர்றாகளா?"

திருப்பதி அண்ணன் பஸ்ஸில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "பொங்கலுக்கு அவங்கெ இங்க வர்றாங்கெ. வாயச் சரிபண்ணுனா நீ பாடு. இல்லையா, தண்ணிக் குடம் தூக்கு."

குடமா? நானா?

டிசம்பர் 22

பல் டாக்டர் ராஜாராம் குறடால் நோண்டி எதையோ வெளியே எடுத்தார். ஏலக்காய்த் தோல்!

"உள்ள எஸ்டேட்டே வச்சிருக்கியேப்பா. மணந்தா சுத்தம்னு எவன்டா சொன்னான்?"

எவன் என்று நான் சொல்லவில்லை.

பிறகு வாய்க்குள் மாவு மில் ஓடியது. நாற்காலியின் கைக்கம்பியை நான் நெளித்தேன் என்று அப்பா சொல்வது பொய். அது முன்பே நெளிந்திருந்தது. ஓட்டையை டாக்டர் வெள்ளி மாதிரி எதையோ வைத்து அடைத்தார்.

"காலையில ஒருக்கா, படுக்குமுன்ன ஒருக்கா வெளக்கணும். பிரஷ்ஷோ வேப்பங்குச்சியோ, உள் பக்கமும் போகணும். கமர்கட்ட வாயில ஒதுக்கி ஊறப் போடாத. தின்னா கொப்புளி. கேக்கலேன்னா அடுத்த தடவ அடைக்க மாட்டேன். புடுங்கிருவேன்."

டிசம்பர் 30

பல் விளக்குவது மாதிரிச் சலிப்பான வேலை உலகத்தில் கிடையாது. நாலு இழுப்பில் கை ஓய்கிறது. அதனால் பொங்கலுக்குக் கட்டிய பாட்டை மூச்சை அடக்கி மனசுக்குள் பாடிக்கொண்டே தேய்க்கிறேன். பாட்டு முடிகிறவரை பிரஷ் நிற்கக் கூடாது. மூச்சுக்கும் பயிற்சி, பல்லுக்கும் பயிற்சி.

தவசி பார்த்துவிட்டான். இப்போது குழு மொத்தமும் குழாயடியில் நுரை மீசையோடு நிற்கிறது. பாட்டு முடியுமுன் நிறுத்துகிறவன் அன்றைக்குத் தண்ணிக் குடம் தூக்க வேண்டும். திருப்பதி அண்ணனே ஒருநாள் தூக்கினார்!

ஜனவரி 15, 1982

காற்று அதே காற்றுதான். வாயை அகலத் திறந்தேன். வலிக்கவில்லை!

கடவாப் பல்லு கருத்தவன் எவன்டா
கதவத் தெறந்து காட்டுடா காட்டுடா
காட்டுடா காட்டுடா காட்டுடா...

உக்கிரபாண்டி சிரிப்பை அடக்கித்தான் பார்த்தான். முடியவில்லை, வாய் பிளந்து சிரித்தான். உள்ளே மூன்று பல் கரிக்கட்டை. தொட்டேன், ஓடிவந்தேன். ஜெயித்தோம்.

ஜனவரி 25

காலையிலேயே உக்கிரபாண்டி சைக்கிளில் வந்து நின்றான். வலது கன்னம் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது.

"மாப்ளே, பல்லு டாக்டரு எங்கிட்டு இருக்காரு? வெரசா சொல்லு."

"பல்லு வெளக்குறியா?"

"தெனமும்டா! சத்தியமா!"

சின்னச்சாமி சார் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டேன்.

"ஆ காட்டு."

காட்டினான். குனிந்து மோந்தேன்.

பாயசம்.