கேட்டைத் திறக்கச் சொன்னேன்

12-7-1994, செவ்வாய்

இன்றைக்கு நான் செய்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. தூக்கம்தான் வரவில்லை.

அம்பத்தூரில் நான் சட்டை தைக்கிற கம்பெனியில் அவசர ஆர்டர். ஐந்தரை மணிக்கு சூப்பர்வைசர் வந்து, எட்டு மணிவரை யாரும் போகக்கூடாது என்று வெளி கேட்டைப் பூட்டச் சொன்னான். பூட்டுகிற சத்தம் கேட்டதும் என் தையல் கோணிக்கொண்டு போனது. வேலை வாங்கித் தருவதாகக் கூட்டிப்போய் என்னை விற்ற பம்பாய் வீட்டிலும் தினம் இதே சத்தம்தான். ஒன்பது வருஷம்.

எழுந்து நேராக வாட்ச்மேனிடம் போனேன்.

"அண்ணாத்தே, கேட்டைத் தொற."

"சார் திட்டுவாரும்மா."

"திட்னா எங்கிட்ட அனுப்பு. நாங்க இன்னா கோழியா, கூடையில கவுத்து மூடறதுக்கு?"

பின்னால் பெண்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் ஓடி வந்தான். நான் விடவில்லை.

"தொறந்தாதான் சார் மிஷின்ல உக்காருவேன்."

உள்ளே ஒரு மிஷினும் ஓடவில்லை. அவன் முறைத்துப் பார்த்துவிட்டு வாட்ச்மேனுக்குத் தலையாட்டினான்.

ரோடுவரை நடந்து போய் நின்றேன். ஒரு பஸ் போனது. திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன்.

பக்கத்து மிஷின் மேரி வாயைப் பிளந்தாள். "இன்னாக்கா, ஊட்டுக்குப் போவலியா?"

"ஊட்ல இன்னாடி கீது? இங்கயாவது உன் மூஞ்சி கீது. தைடி."

நாளைக்கு அவன் என்ன சொல்வானோ. சொல்லட்டும். கேட் எட்டு மணிவரை திறந்தே கிடந்தது. ஒருத்தியும் போகவில்லை.