அண்ணன் காரின் எண்ணெய் முள்

3 பிப்ரவரி 1964, திங்கள்
காலையில் நல்ல பனி. மாதா கோயில் மணிக்கூண்டே தெரியவில்லை. அண்ணன் விடியும்போதே காரைக் கிளப்பி முதுநகர் தெரு முழுக்க எழுப்பிவிட்டார். சீமைக்குத் திரும்பிய ஒரு தொரையிடம் வாங்கிய ரெண்டு சீட்டு ரேஸ் கார். 16ந்தேதி ஞாயிறு மெட்ராஸ் பக்கம் ரேஸ்.

எண்ணெய் அழுத்த மீட்டர் பழசு உடைந்துபோய், புதுசை இடது பக்கம் அடியில் பொருத்தியிருக்கிறார்கள். ஓட்டுகிறவர் கண்ணுக்குப் படாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்வது என் வேலை. பிசிக்ஸ் டீச்சர் என்பதால் வந்த பதவி. அண்ணிக்கு வேறு கணக்கு: "நீ கூட இருந்தா அவுரு கொஞ்சம் மெதுவா ஓட்டுவாரு, ரெஜினா." அவங்களுக்கு ஏழாம் மாசம்.

இன்று: குளிர்ந்த இன்ஜினில் 70 பவுண்டு. சூடேறி ஓடும்போது 45. நின்றபடி இருக்கையில் 10. போன மாசம் 20 காட்டியது. பிடிக்கவில்லை.

5, புதன்
தலைவலி. திருத்த வேண்டிய பேப்பர் அப்படியே கிடக்கு.

சாயங்காலம் காதர் பாய் பட்டறை. அண்ணனும் அவரும் ஒரே கட்சி: "மீட்டர் பொய் சொல்லுது." வேறொரு லாரி மீட்டரைக் கழற்றி மாட்டச் சொன்னேன். அதுவும் 10.

"முள்ளையே பாத்துகினு இருந்தா வண்டி ஓட்ட முடியாது தங்கச்சி" என்றார் காதர் பாய். சிரித்துக்கொண்டே.

நான் சொன்னது: எண்ணெய் எவ்வளவு இருக்கு என்று பார்க்கக் குச்சி இருக்கு. அழுத்தம் வேற. பம்பு தள்ளுகிற எண்ணெய், பேரிங் இடுக்கில் எவ்வளவு முட்டுது என்பதுதான் அது. பேரிங் தேய்ந்தால் இடுக்கு பெருசாகும், எண்ணெய் சுலபமா வழிஞ்சு போகும், முள் இறங்கும். வளைவில் மட்டும் இறங்கினால் எண்ணெய் ஒரு பக்கம் சாயுதுன்னு விடலாம். இது நின்ன இடத்திலேயே இறங்குது.

அண்ணன்: "பாடம் முடிஞ்சுதா?"

8, சனி
துணி துவைத்தது. மாவு அரைத்தது. மீன் விலை ஜாஸ்தி, வாங்கவில்லை.

அண்ணன் சந்தோஷமாக வந்தார். கெட்டியான எண்ணெய் மாத்தியாச்சாம். "வந்து பாரு ரெஜி, இப்ப 25!" முள் ஏறித்தான் இருக்கிறது. தேய்ந்த இடுக்கில் கெட்டி எண்ணெய் மெதுவாக வழியும், அதனால் ஏறும். தேய்ஞ்சது தேய்ஞ்சதுதானே. சொன்னேன். முகம் மாறிவிட்டது. நாளைக்குச் சிதம்பரம் வரை வெள்ளோட்டம்.

ஓட்டத்தில் இன்ஜின் இறுகினால் பின் சக்கரம் அப்படியே நின்றுவிடும். அந்த வேகத்தில் வண்டி என்ன ஆகும் என்று அண்ணியிடம் சொல்லவில்லை.

9, ஞாயிறு
பூசை முடிந்ததும் கிளம்பினோம். வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

போகும்போது நன்றாகவே இருந்தது. 60, 55. சிதம்பரம் கீழ வீதியில் காப்பி. கிளம்பும்போது நின்றபடி 8. "வெயிலு" என்றார்.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் மிதித்தார். 40. சொன்னேன். 30. சொன்னேன். புதுச்சத்திரத்துக்கு முன்னால், 20.

"அண்ணே, இருபது. காலை எடுங்க."

"வாயை மூடு."

"பத்து!"

அடியிலிருந்து சத்தம். யாரோ சுத்தியலால் தட்டுற மாதிரி. டக் டக் டக். தூரத்தில் ரோட்டை அடைத்து நெல்கதிர் பரப்பியிருந்தார்கள், நாலைந்து பெண்கள் குனிந்து புரட்டிக்கொண்டு. அண்ணன் கால் எடுக்கவில்லை. எட்டிச் சாவியைத் திருப்பிவிட்டேன்.

சத்தமே இல்லை. காற்று மட்டும். அண்ணன் பிரேக்கை அமுக்கி அமுக்கி, கதிருக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினார். ஒரு பொம்பளை நிமிர்ந்து பார்த்து, "கண்ணு தெரியலியா உனுக்கு?" என்றாள்.

அண்ணன் என்மேல் கை ஓங்கினார். அடிக்கவில்லை. "இனிமே இந்த வண்டியில கால் வெக்காத."

பஸ்ஸில் தனியாக வீட்டுக்கு. லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு அவர் இருட்டின பிறகு வந்தார். சாப்பிடவில்லை.

10, திங்கள்
அண்ணி என் முகத்தைப் பார்க்கிறார், பிறகு அண்ணன் முகத்தை. "என்னதான் நடந்துச்சு?" "வண்டி நின்னுபோச்சு அண்ணி." வகுப்பில் ஒரே கணக்கை ரெண்டு தடவை போட்டேன்.

12, சாம்பல் புதன்
ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான். நெற்றியில் சாம்பலோடு அப்படியே பட்டறைக்குப் போனேன். கூப்பிடவில்லை, போனேன்.

எண்ணெய்ச் சட்டியைக் கழற்றியிருந்தார்கள். கறுப்பு எண்ணெயில் மினுமினுவென்று பொடி. பேரிங் தகடு ஒன்று செம்பு தெரிய உரிந்திருந்தது. காதர் பாய் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அல்லா காப்பாத்துனான். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா ராடு ஒடஞ்சு இன்ஜின் பிளாக்கைப் பொத்துகினு வந்திருக்கும்." பேரிங்குக்குள் சுழலும் கிராங்க் தண்டு தப்பித்தது. புது பேரிங் மெட்ராஸிலிருந்து வர வேண்டும். ரேஸுக்குள் ஆகாது.

அண்ணன் தகட்டை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

16, ஞாயிறு
ரேஸ் நாள். மேகமூட்டம். அண்ணன் பூசைக்கு வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஆரம்பிக்கும் நேரத்துக்கு எழுந்து கடியாரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தார்.

மத்தியானம் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வந்து கிணற்று மேடையில் உட்கார்ந்தார்.

"சாவியத் திருப்புனியே, பயமா இல்ல?"

"இருந்துச்சு."

பிறகு, அண்ணிக்குக் கேட்காத குரலில்: "அந்தச் சத்தம் உனக்கு முன்னாடியே எனக்குக் கேட்டுச்சு ரெஜி. அந்தப் பொம்பளைங்களும் தெரிஞ்சாங்க. கால் எடுக்கணும்னு நெனக்கிறேன். காலு வர்ல."

அழுதார். அண்ணனை இப்படிப் பார்த்ததில்லை. ஈரத் துணியோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.