மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை

மார்ச் 3

சோதனைக்குழாய் அம்மையாருக்கு,

நலம். நீயும் நலம்தானே? போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வருகிறது, இனி எழுதிக்கொள்வோம் என்று நீ போட்ட சட்டப்படி எழுதுகிறேன். தினமும் ரயிலில் இங்கே வேலைக்கு வரும் உன் அக்கா கணவர்தான் நமக்குத் தபால்காரர். ஏழு மாதமாக மனைவியின் தங்கச்சி உன்னையும் வீட்டில் வைத்துக்கொண்டு, நம் கடிதமும் சுமக்கிறார், பாவம். பள்ளி ஆய்வகத்தில் பிள்ளைகள் இந்த வருஷம் எதையும் வெடிக்க வைக்கவில்லையே?

ஒரு சந்தேகம். நான்கு நாளாக இரண்டு தொடையும் வலிக்கிறது. நேற்று பழுது பார்க்கப் போன கட்டடத்தில் ஒன்பது மாடி நடந்து ஏற வேண்டியிருந்தது. லிஃப்ட் ஓடினால் என்னை ஏன் கூப்பிடப் போகிறார்கள்? ஐந்தாவது மாடியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்ன அண்ணே, லிஃப்டுக்கு வெயிட் பண்றீங்களா?" என்று வாட்ச்மேன் சிரித்தான். கொழுப்பு மாத்திரை சாப்பிட்டால் கால் வலிக்கும் என்று அவனே வைத்தியமும் சொன்னான். நிறுத்திவிடவா?

லிஃப்ட்காரன்

மார்ச் 4

லிஃப்ட்காரருக்கு,

நிறுத்து என்றோ சாப்பிடு என்றோ சொல்ல நான் டாக்டரும் இல்லை, உங்கள் வாட்ச்மேனும் இல்லை. முதலில் டாக்டரைப் பாருங்கள்.

ஆனால் ஒன்று மண்டையைக் குடைகிறது. மூன்று வருஷமாக அதே மாத்திரை, அதே அளவு. இத்தனை நாள் சும்மா இருந்த கால் இப்போது ஏன் வலிக்க வேண்டும்? அழுத்தினால் வலிக்கிறதா? சிறுநீர் என்ன நிறம்? புதிதாக எதையாவது விழுங்கினீர்களா? ஆர்வத்தில்தான் கேட்கிறேன், பாசம் என்று தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆய்வகத்திலிருந்து,
நான்

மார்ச் 5

அம்மையாருக்கு,

டாக்டரிடம் போக நேரமில்லை. பழுது அறிக்கை மட்டும் தருகிறேன். அழுத்தினால் உயிர் போகிறது. நிறம், பால் விடாத டீ. நேற்றிலிருந்துதான் அப்படி. தண்ணீர் குறைவாகக் குடித்திருப்பேன்.

புதிதாக விழுங்கியது தொண்டைக்கு. தெருமுனை கிளினிக்கில் பத்து நாள் மாத்திரை கொடுத்தார்கள். எட்டு நாள் ஆயிற்று, தொண்டை சரியாகிவிட்டது. அதன்மேல் சந்தேகப்படாதே. "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.

பொய் சொன்னேன் என்று குதிக்காதே. மருந்து என்றால் உடம்புக்கு முடியாதவன் சாப்பிடுவது. எனக்கு எங்கே முடியாமல் இருந்தது? சாப்பிட்டு எழுந்ததும் தண்ணீரோடு நீ கையில் ஒன்று வைப்பாய், வாயில் போட்டுக்கொள்வேன். நீ போன பிறகு நானே போட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான். அதை மருந்து என்று நான் நினைத்ததே இல்லை.

லிஃப்ட்காரன்

மார்ச் 6, காலை

இதைப் படித்த கையோடு கிளம்புங்கள். நான்கு முறை போன் செய்தேன். லிஃப்ட் குழிக்குள் இருப்பீர்கள், சிக்னல் கிடைத்திருக்காது. உங்களைத் தேடி இதைக் கொண்டுவரும் அத்தான் ஆட்டோவோடு வாசலில் நிற்பார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடை அம்மாவிடம் விசாரித்தேன். சில தொண்டை மாத்திரைகள் கொழுப்பு மாத்திரையை உடம்பிலிருந்து கழியவிடாமல் தேக்கிவிடுமாம். அது தசையைக் கரைக்கும், அடுத்து சிறுநீரகத்தில் கை வைக்கும். "நிறம் மாறியிருந்தா ஒரு நிமிஷம் கூட வீட்ல உட்கார விடாதீங்க" என்று அடித்துச் சொன்னார்.

பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். போங்கள்.

மார்ச் 12

அன்புள்ள உனக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஐந்து நாள் சொட்டு சொட்டாகச் சலைன் ஏற்றினார்கள். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்" என்றார் டாக்டர். இனிமேல் கொழுப்பு மாத்திரையே வேண்டாமா என்று கேட்டேன். "அது கெட்ட மாத்திரை இல்லீங்க. உங்க இதயத்துக்கு அது வேணும். நீங்க சொல்லாம விட்டதுதான் கோளாறு" என்றார். இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறார்கள். ஏப்ரல் பத்தாம் தேதி ரத்தம் பார்த்துவிட்டு, வேறு மாத்திரை, குறைந்த அளவில் தொடங்குவார்களாம்.

வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று அங்கே நர்ஸும் அதே கேள்வியைக் கேட்டார். பேர், அளவு, நேரம் எல்லாம் ஒப்பித்தேன். அடுத்து, "வீட்ல யாரு இருக்கா?" என்றார். அதற்கும் மாத்திரை பேரையே மறுபடி ஒப்பித்தேன்.

படுத்துக்கொண்டு யோசித்தேன். பதினெட்டு வருஷம் நீ செய்ததெல்லாம் என் கணக்கில் எதுவுமே இல்லை. ஒன்றும் வலிக்காமல் இருந்ததால் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிட்டேன். போகும்போது நீ இதைத்தான் சொன்னாய், நான் கோபம் என்று ஒதுக்கிவிட்டேன். வா என்று சொல்ல எனக்கு முகமில்லை. கேட்கிறேன், வருவாயா?

உன்
லிஃப்ட்காரன்

மார்ச் 14

அன்புள்ள உங்களுக்கு,

ஆய்வகத்தில் வைத்துத்தான் படித்தேன். கண்ணுக்கு என்ன மிஸ் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அமில நெடி என்றேன். நம்பவில்லை, நான் வளர்த்த பிள்ளைகள்.

மாத்திரை டப்பா நிரப்ப வரமாட்டேன். அது இனி உங்கள் வேலை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராகவே இருந்தாலும், கேட்பதற்கு முன் நீட்டுங்கள். கால் மறுபடி வலித்தால் எனக்கு அல்ல, அவர்களுக்கு முதலில் சொல்லுங்கள்.

பத்தாம் தேதி லீவு போட்டிருக்கிறேன். வெறும் வயிற்றோடு வாருங்கள், பரிசோதனைக்கூட வாசலில் இருப்பேன். ரத்தம் கொடுத்த பிறகு சேர்ந்து சாப்பிடுவோம். சாயங்கால ரயிலில் அக்கா வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். அதற்கு மேல் இன்று என்னால் சொல்ல முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் யார் என்று அந்த நர்ஸ் மறுபடி கேட்டால் யாரும் இல்லை என்றே சொல்லுங்கள். அதுதான் இப்போதைக்கு உண்மை. ஏதாவது ஒன்று என்றால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள்.

நான்