உங்கள் கம்பெனியின் திண்டிவனம் கிளை

பாப்பாவின் அப்பாவுக்கு,

துபாயில் நீங்கள் மேனேஜராக இருக்கும் அதே மலிவு விலைக் கம்பெனி, திண்டிவனம் பைபாஸில் கடை திறந்திருக்கிறது. பார்க்காமல் இருக்க முடியுமா? காணையிலிருந்து விழுப்புரம் வந்து, பஸ் மாறிப் போனேன்.

பிஸ்கட்டையெல்லாம் அட்டைப்பெட்டியோடு அப்படியே அடுக்கியிருக்கிறார்கள். எடுத்துக் கொடுக்க ஆளே இல்லை. மல்லாட்டையைத் தின்று பார்த்துத்தானே நாம் வாங்குவோம்? வேர்க்கடலை என்று எழுதியிருந்த பாக்கெட்டைப் பிரித்து நாலு வாயில் போட்டேன். பில் போடும் பெண் பதறிப்போய் மேனேஜரைக் கூப்பிட்டாள்.

லாரியிலிருந்து அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் வியர்வை சொட்ட வந்து நின்றார்.

"மேனேஜரா மூட்ட தூக்கினு இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"எங்க கம்பெனில எந்த நாட்டுக்குப் போனாலும் இப்படித்தாங்க்கா. ஆளு கம்மி, அதான் வெல கம்மி."

நீங்கள் போனில் சொல்லும் ஏசி ரூம் இங்கே எந்தப் பக்கம் என்று கடை முழுக்கத் தேடினேன். சரக்கு வைக்கும் அறை மட்டும்தான் இருந்தது.

பக்கத்து வீட்டு ரோஸ்லினின் வீட்டுக்காரர் லீவு முடிந்து துபாய் வருகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தோடு வறுத்த மல்லாட்டையும், முதுகுக்குத் தேய்க்கிற தைலமும் கொடுத்திருக்கிறேன். தைலம் யாருக்கு என்று கேட்டார். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்கு என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா