வெளியாளுக்கு மட்டும்

ஆடி 4, வியாழன்

விடியற்காலையிலிருந்து காற்று. துணி காயப்போட முடியவில்லை, கொடியோடு போகிறது.

நாளைக்குள் விழாக் கமிட்டி ஆபீசில் கொடுக்க வேண்டியது: உணவுப் பதிவுச் சான்று (இருக்கிறது). டாக்டர் சர்டிபிகேட், எனக்கும் கடையில் கூட நிற்கிற மரகதத்துக்கும் (அவளுடையது பாக்கி). தீயணைக்கிற சிலிண்டர், வாடகைக்கு. அடுப்பைச் சுற்றித் தகரத் தடுப்பு. பாஸுக்கு ஆளுக்கு இரண்டு போட்டோ. இன்சூரன்ஸ். சனி, ஞாயிறு இரண்டு நாள் மைதானத்தில் பஜ்ஜி போட இத்தனை. என் கல்யாணத்துக்குக்கூட யாரும் இவ்வளவு கேட்கவில்லை.

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வீட்டுக்கே வந்தார். சின்னப் பையன், நெற்றி நிறைய திருநீறு, நல்ல பேச்சு. "உங்க கடையால வெளியாளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா கம்பெனி குடுக்குமுங்க அக்கா."

எங்களுக்கு ஆனால்?

"கடையில நிக்கறவிய, சொந்தக்காரவிய, அவியளுக்கெல்லாம் இதுல வராதுங்க. அதுக்கு வேற பாலிசி."

எண்ணெய்ச் சட்டி முன்னால் வேகிறவளுக்கு ஒன்றுமில்லை. தள்ளி நின்று தின்கிறவருக்கு எல்லாம். சொன்னேன், சிரிக்கிறார். இருந்தால் இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டேன். இது இல்லாமல் கடை கிடையாதாம்.

சாயங்காலம் பல்லடத்திலிருந்து அண்ணன் போன். கடை மைதானத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டார். அப்பா நிலத்தில் நான் பாகம் கேட்டதிலிருந்து ஆறு வருடமாகப் பேசாதவர். போன மாதம் பெரியப்பா எழவு வீட்டில்தான் "நல்லா இருக்கறயா அம்மணி" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன்.

கடலை மாவு, வாழைக்காய், மிளகாய். பேப்பர் தட்டு மறக்கக் கூடாது.

ஆடி 6, சனி

முதல் நாள். கூட்டம் பரவாயில்லை. வாசலில் பாஸ் போட்டோவையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மரகதம் போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறாள். அவளிடமே சொன்னேன், ஒரு மணி நேரம் பேசவில்லை.

கமிட்டிக்காரர் கடை கடையாக வந்து சொன்னது: "பாஸ்ல இருக்கற ரெண்டு பேரத் தவிர அடுப்புகிட்ட யாரும் நிக்கக்கூடாதுங்க. பாத்தா கடையச் சாத்திப்போடுவோமுங்க." அதையும் என்ன மரியாதையாகச் சொல்கிறார்கள்.

பஜ்ஜி தின்ன வந்த இரண்டு பெண்கள். "டயட்டுன்னு சொன்ன?" "வாழைக்காய் காய்தானடி."

காற்றுக்கு அடுப்பு நிற்கவில்லை. தகரம் போதவில்லை. கால் வலி.

ஆடி 8, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

மரகதத்தின் குழந்தைக்குக் காய்ச்சல், அவள் வரவில்லை. நான் ஒருத்தி. மாவு, எண்ணெய், சில்லறை, சட்னி. கூட்டம் நெருக்குகிறது. நாலு மணி வாக்கில் அண்ணன் வந்தார், கூடவே நங்கையா. ஆறு வருடத்துக்குப் பிறகு அண்ணன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்கிறேன், கையெல்லாம் மாவு.

"ஒத்தையில நிக்கறயா? நகரு புள்ள."

"அண்ணா, பாஸ்ல உங்க போட்டோ இல்லீங்க. கடையச் சாத்திப்போடுவாங்க."

"தங்கச்சி கடையில நிக்கறதுக்குப் போட்டோ எதுக்கு?"

மரகதத்தின் ஏப்ரனை மாட்டிக்கொண்டார். ரோஸ் கலர், பூப் போட்டது. நங்கையா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணன் ஒவ்வொரு பஜ்ஜியையும் அதற்கு வலிக்கும் என்பதுபோல் திருப்பிப் போட்டார். "சீக்கிரமுங்கண்ணா, ஆளுக நிக்கறாங்க" என்றால், "வெந்தாத்தான எடுப்பேன்" என்கிறார். அந்த ஒரு மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை எழுதி வைக்க வேண்டும்.

அப்புறம் ஒரு காற்று. பந்தல் கம்பு சாய்ந்து வந்து கடாயில் மோதியது. கடாய் ஆளுகள் நின்ற பக்கம் சாய்ந்தது. எண்ணெய்ச் சட்டியை யாராவது கையால் பிடிப்பார்களா? பிடித்தார். தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வலது கை, விரலிலிருந்து முழங்கை வரை. வரிசையில் நின்ற ஒருவர் மேலும் ஒரு சொட்டு படவில்லை.

பக்கத்துக் கரும்பு ஜூஸ்காரர் தன் டெம்போவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அண்ணன் வழி முழுக்கக் கத்தவே இல்லை. கத்தியிருக்கலாம்.

ஆடி 9, செவ்வாய்

டாக்டர்: தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்து ஆபரேஷன். தள்ளிப்போட்டால் விரல் மடங்காமல் போய்விடும். அண்ணன் தறி ஓட்டுகிறவர். அறுந்த இழையை முடிய விரல் வேண்டும். அது இல்லாவிட்டால் அவரைத் தறிக் குடோனில் யார் வைத்துக்கொள்வார்கள்?

செலவைக் கேட்டு நங்கையா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். என்னோடு பேச்சில்லை. பேசாதவரைக்கும் நல்லது. என் கடைக்கு வந்ததால்தானே.

ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அக்கா, அவரு வாங்க வந்த ஆளுங்களா? கடை ஆளுங்களா?"

"எங்கண்ணனுங்க."

"நான் கேட்டது அதில்லீங்க. வெளியாளுன்னா ஆபரேஷன் செலவு பூரா கெடைக்குமுங்க. யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்குக் கூப்புடறேன்."

யோசிக்க என்ன இருக்கிறது?

ஆடி 10, புதன்

அண்ணனை வெளியாள் என்று சொல்ல என் வீட்டுக்காரர் சம்மதம். நங்கையா சம்மதம், முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். ஜூஸ்காரர் நான் கேட்பதற்கு முன்பே "வாங்க நின்னவருதானுங்க, நான் பாத்தனுங்க" என்கிறார். ஏப்ரன் கருகிப் போனது, எறிந்தாயிற்று. யாராவது போட்டோ எடுத்திருப்பார்களோ? அந்தப் பயம் ஒன்று.

அண்ணனிடம் நான்தான் சொன்னேன். கட்டிலோரம் குனிந்து, மெதுவாக. "பஜ்ஜி வாங்க நின்னேன்னு சொல்லுங்கண்ணா. கடைக்காரம்மாவ யாருன்னு தெரியாதுன்னு சொல்லுங்க. நான் வந்தாலும் பேசாதீங்க. மூஞ்சியத் திருப்பிக்கோங்க."

"சரி" என்றார். உடனே. மறு கேள்வி இல்லை.

ஆறு வருடம் செய்து பழகியதுதானே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். அவருக்கும் அதுதான் தோன்றியிருக்கும், கண்ணை மூடிக்கொண்டார்.

ஆடி 12, வெள்ளி

இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் விசாரிக்க வார்டுக்கு வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். நான் கதவோரம் நின்றேன்.

"நீங்க அங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"மொளகா பஜ்ஜி வாங்க நின்னனுங்க."

"கடைக்காரங்களத் தெரியுமா?"

"அன்னிக்குத்தானுங்க பாத்தேன்."

எவ்வளவு சுத்தமாகச் சொன்னார். ஒரு தடுமாற்றம் இல்லை. சர்வேயர் வெளியே வந்து என்னிடம், "பயப்படாதீங்க, கிளெய்ம் ஆயிரும். ஆனா அடிக்கடி இங்க வராதீங்க. வெளியாளப் பாக்க எதுக்கு இத்தன வாட்டின்னு கம்பெனியில கேப்பாங்க" என்றார். தெரிந்துதான் சொன்னாரோ, தெரியாமலோ.

போனும் வேண்டாம் என்று நங்கையா சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து, அண்ணனுக்குக் கொண்டுபோக அரைத்த மாவைக் கீழே கொட்டினேன். யாருக்கு இட்லி?

ஆடி 14, ஞாயிறு

ஒன்றுமில்லை. வீட்டுக்குச் சமையல் கேஸ் பதிவு செய்தேன். தீயணைக்கிற சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தேன். உபயோகப்படுத்தினீர்களா என்று கேட்டான் கடைக்காரன். இல்லை.

அண்ணனுக்குக் காய்ச்சல் என்று மரகதம் மூலம் தெரிந்தது. என் அண்ணனைப் பற்றி மரகதம் எனக்குச் சொல்கிறாள்.

ஆடி 16, செவ்வாய்

காற்று குறைந்திருக்கிறது.

சர்வேயர் போன் செய்தார். நான் சொன்னதை எழுதி ஒரு கையெழுத்து வேண்டுமாம், ஆஸ்பத்திரிக்கே வந்துவிடச் சொன்னார். இன்று ஆபரேஷன். அதைத் தெரிந்துகொண்டே போனேன், எனக்கும் ஒரு சாக்கு.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நீள பெஞ்ச். ஒரு கோடியில் நான், இன்னொரு கோடியில் சர்வேயர். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "முடிஞ்சுதுங்க, இனிப் பணம் வந்துரும்" என்றார். உடனே கிளம்பியிருக்க வேண்டும். நங்கையா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். மதியம் என்று சொன்னவர்கள் முன்னாலேயே அண்ணனைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். பச்சைத் துணி, தலையில் தொப்பி. உதடெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. ஊசி போட்டாலே என் கையைப் பிடித்துக்கொள்கிறவர், சின்ன வயதில்.

நர்ஸ் நிறுத்தினார். "பேஷண்ட் கூட யாருங்க? உள்ள போறதுக்கு முன்ன ஒருக்கா பேசிக்கோங்க."

சர்வேயர் தலையைத் தூக்கினார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். பயந்திருந்தார், எனக்குத் தெரியும். என் முழங்கால் எழுந்துவிடப் பார்த்தது, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அவ கீழ போயிருக்கறாளுங்க."

"வேற யாரும் இல்லீங்களா?"

"வேற யாரும் இல்லீங்க" என்றார்.

கதவைச் சாத்தினார்கள். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.